உளுந்துக்கு மார்ச் 31 என்ன கணக்கு?

ஆசிரியருக்கு,

இந்தியா–மியன்மா பருப்பு வணிகம் பற்றிய பேச்சு எப்போதும் டன் கணக்கோடு நின்றுவிடுகிறது. 2021 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை என ஐந்தாண்டுக்கு இந்தியா வாங்க முன்வந்தது. நல்லதுதான். சிக்கல் தேதியில் இருக்கிறது.

மியன்மாவின் ஐராவதி, பகோ வட்டாரங்களில் நெல் அறுத்த ஈரத்திலேயே உளுந்து விதைப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. டெல்லியோ தடையற்ற இறக்குமதியை மார்ச் 31 வரை என்று நீட்டிப்பதையே வழக்கமாக்கிக்கொண்டது, அதுவும் சில ஆண்டுகளில் கடைசி நேரத்தில். அப்போது, புது உளுந்து யாங்கோனின் பயின்னௌங் மண்டிக்கு வந்து குவியும் வேளையில், அனுமதி தொடருமா என்று தெரியாமல் விலை சொல்லவே ஆள் இருக்காது. பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான சீட்டில்) தேதி மார்ச் 31-ஐ முந்த வேண்டுமென்று சரியாகக் காயாத சரக்கை மூட்டை கட்டினால், கொள்கலனுக்குள் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டாமல் ஏற்றுவதே பாதுகாப்பு. சென்னையில் தரம் குறைத்துவிட்டால் எஸ்.கியூ. எனும் உயர்தர ரகத்துக்குக் கொடுத்த கூடுதல் விலை போயே போச்சு.

பணம் வருவதிலும் இதே கதை. டாலரில் வந்தால் ஒரு பங்கை, டாலருக்கு 2,100 கியாத் (மியன்மா நாணயம்) என்ற அரசு விகிதத்தில் மாற்றியாக வேண்டும். வெளிச்சந்தை விலை எங்கேயோ இருக்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக ரூபாயிலேயே தீர்க்கும் ஏற்பாடு 2024 ஜனவரியில் வந்தது. ஆனால் கையில் சேரும் ரூபாயைக் கொண்டு இந்தியாவிலிருந்து மருந்தோ இயந்திரமோ இறக்குபவருக்குத்தான் அது முழுதாகப் பயன்படும். உளுந்து மட்டும் விற்பவர் ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

அடுத்த ஆண்டுக்கான இறக்குமதி அறிவிப்பை விதைப்புக்கு முன்பே, அக்டோபருக்குள் வெளியிடும்படி இங்குள்ள இந்தியத் தூதரகம் டெல்லியிடம் வலியுறுத்த வேண்டும்.

பருப்பு வணிகர் ஒருவர்,
யாங்கோன்