தண்டவாளத்துப் பிள்ளைகள்

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
அக்டோபர் கடைசி

அன்புள்ள சுப்பையாவுக்கு,

உன் கடிதத்தை உன் பேத்தி படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. டாக்டர் சொல்லும்வரை குனிந்து எதையும் தூக்காதே. நீ சொன்ன பேச்சுக் கேட்கிற ஆள் இல்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

நான் இங்கே வந்து நாலு மாசம் ஆகிறது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரிதான். இந்த மாசம் முழுக்க இவர்களுக்குப் பேய்ச் சீசன். வீட்டுக்கு வீடு வாசலில் எலும்புக்கூடு தொங்குகிறது. நாம் திருஷ்டி கழித்து நடுரோட்டில் உடைக்கிற பூசணிக்காயை இவர்கள் கண்ணும் வாயும் வெட்டி உள்ளே விளக்கேற்றி வைக்கிறார்கள். பேரனுக்கு ஆறு வயது. "தாத்தா, பேய் பார்க்கப் போலாமா?" என்று தினம் ஒரு தடவை கேட்பான். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. ராத்திரியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக நடந்து போய்ப் பேய் இருக்கும் இடங்களைப் பார்க்கிறார்கள். நம் ஊரில் டிக்கெட் இல்லாமலே பார்த்தோம்.

முதலில் அலமோ. 1836-ல் மெக்சிகோ படை பதிமூன்று நாள் முற்றுகை போட்டு, உள்ளே இருந்தவர்களைக் கொன்று, பிணங்களைக் குவித்து எரித்த கோட்டை. அதன்பிறகு அதை இடிக்க வந்த சிப்பாய்களை நெருப்பு வாள் ஏந்திய ஆவிகள் விரட்டின என்பது கதை. பகலில் போய்ப் பார்த்தேன். சின்ன இடம். அதற்கு எதிரே ஒரு ஓட்டல், 1920களில் டாக்டர்களுக்காகக் கட்டிய கட்டடமாம். உச்சியில் செதுக்கிய கோரமுகங்களில் ஒன்று பல்வலியில் துடிக்கிறது. எனக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை, என் கடைவாய்ப்பல்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் அலமோவை ஒட்டியே மெங்கர் என்று ஒரு ஓட்டல் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். 1859-ல் ஒரு ஜெர்மன்காரர் கட்டியது. 1898-ல் ரூஸ்வெல்ட், பின்னால் ஜனாதிபதி ஆனாரே, அவர் கியூபா சண்டைக்கு ஆள் பிடித்தது இங்கேயுள்ள பாரில்தான். அவர் ஆவி இன்னமும் அங்கே உட்கார்ந்திருக்கிறதாம். பெரிய பண்ணையார் ரிச்சர்ட் கிங் 1885-ல் இங்கே ஒரு அறையில் இறந்தார், அவரும் நடமாடுகிறாராம். பெரிய மனிதர்கள், பெரிய ஆவிகள். என்னை நிறுத்தியது வேறு ஒருத்தி. சாலி வைட். அறை துடைத்து மெத்தை விரிக்கிற வேலைக்காரி, கறுப்பினப் பெண். 1876 மார்ச்சில் புருஷன் சுட்டு, இரண்டு நாள் கிடந்து செத்தாள். ஓட்டலே அடக்கம் செய்தது. அந்தக் கணக்குப் பேரேட்டின் பக்கம் இருக்கிறது: பெட்டிக்கு 25 டாலர், குழிக்கு 7 டாலர், ஆக 32. சாய்வெழுத்தில், தண்டவாளம் பராமரிக்கிற நம் ரயில்வே கேங்கில் ஆள் வருகை குறிக்கும் மஸ்டர் ரோல் எழுதுகிற மாதிரியே. இப்போதும் அவள் கையில் துண்டுகளை எடுத்துக்கொண்டு வராந்தாவில் போவதைப் பார்ப்பவர்கள் உண்டு என்கிறார்கள். செத்த பிறகும் டியூட்டி பார்க்கிறாள் பாவம், பண்ணையார் மட்டும் சும்மா உலாத்துகிறார். அதே ஓட்டலில் மாம்பழ ஐஸ்கிரீம் பேர் பெற்றது. சாப்பிட்டேன். நம் பங்கனப்பள்ளிக்குக் கிட்டே வராது, ஆனாலும் இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

போன மாசம் ஹூஸ்டன் பக்கம் பேர்லண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். போகிற வழியில், சான் அன்டோனியோவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடைப் பாலம், பச்சைப் பலகையில் பேர்: 'ஊளையிடும் பெண் ஓடை'. நெடுஞ்சாலைத் துறைக்காரனே எழுதி வைத்திருக்கிறான்! அந்தப் பேர் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மெக்சிகோ வழி வந்த குடும்பங்களுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. அது லா யோரோனா, அழுகிறவள். புருஷன் கைவிட்ட ஆத்திரத்தில் பெற்ற பிள்ளைகளையே தண்ணீரில் அமுக்கிக் கொன்றுவிட்டு, பிறகு 'ஐயோ என் பிள்ளைகளே' என்று கரையெல்லாம் தேடி அலைகிறாள். சாயங்காலம் ஆற்றுப்பக்கம் போகாதே, அவள் உன்னைத் தன் பிள்ளை என்று இழுத்துக்கொள்வாள் என்று குழந்தைகளை மிரட்டுவார்கள். எனக்கு நம் பழையனூர் நீலி ஞாபகம் வந்தது. அவள் கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதவள், அத்தனையும் நடிப்பு. இவள் அழுகை நிஜம். அதனால்தான் இவளைக் கண்டு கொஞ்சம் கூடுதலாகப் பயமாக இருக்கிறது.

சரி, உனக்காகவே வைத்திருந்ததற்கு வருகிறேன். இந்த ஊரிலேயே பேர் பெற்ற பேய் இருப்பது எங்கே தெரியுமா? லெவல் கிராசிங்கில், நீயும் நானும் டியூட்டி பார்த்த கேட் மாதிரி இடத்தில்.

ஊருக்குத் தெற்கே, ஷேன் ரோடும் வில்லமெய்ன் ரோடும் சேருமிடம். ஒரு காலத்தில் ஸ்கூல் பஸ் ஒன்று தண்டவாளத்தின் மேல் நின்றுபோய், ரயில் மோதி, பிள்ளைகள் அத்தனை பேரும் போய்விட்டார்களாம். அன்றிலிருந்து அங்கே யாராவது வண்டியை நியூட்ரலில் நிறுத்தினால் அந்தப் பிள்ளைகள் பின்னாலிருந்து தள்ளி, தண்டவாளத்தைத் தாண்டவைத்து விடுவார்கள். மேட்டில் ஏறுமாம் வண்டி! பின்பக்கம் பவுடர் தூவி வைத்தால் சின்னச் சின்ன விரல் ரேகை விழுமாம். பக்கத்துத் தெருக்களுக்கு எல்லாம் பிள்ளைகள் பெயர். செத்த பிள்ளைகளின் பெயர் என்று ஊர் சொல்லும். மனை போட்டவர் தன் பேரப்பிள்ளைகள் பெயரை வைத்தார் என்பதே விஷயம்.

சனிக்கிழமை போனோம். பேரன் தன் தங்கச்சியின் பவுடர் டப்பாவைத் தூக்கி வந்தான். நான் முதலில் இறங்கித் தண்டவாளத்தைப் பார்த்தேன், பழக்க தோஷம். பாலாஸ்ட் ஜல்லி நன்றாக இருந்தது. அப்புறம் சாலையின் வாட்டத்தைப் பார்த்தேன். இந்த மாதிரி இடத்தில் சூட்சுமம் ஒன்றுதான்: சுற்றிலும் மரமும் சரிவும் இருந்து தொடுவானம் கண்ணுக்குப் படாவிட்டால், லேசான இறக்கத்தைக் கண் ஏற்றமாக எடுத்துக்கொள்ளும். ரசமட்டம் வைத்தால் ஒரு நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். கேங்கில் நாம் எத்தனை தடவை கண்ணை நம்பி ஏமாந்திருக்கிறோம்! ஆனால் மகன் நியூட்ரல் போட்டதும் வண்டி அசையவே இல்லை. 2018-ல் ரயில் கம்பெனி இங்கே பாதை வேலை பார்த்தபோது கிராசிங்கின் மட்டம் மாறிவிட்டது, அதோடு பிள்ளைகளும் போய்விட்டார்கள் என்று ஊரில் ஒரு புலம்பல். கேங் வேலையால் பேய் ஓடிய கதை இது ஒன்றுதான் இருக்கும்.

பேரனுக்கு அழுகை வந்துவிட்டது. சரி பவுடரையாவது பார்ப்போம் என்று பின்கதவில் தூவி ஊதினேன். சுப்பையா, சத்தியமாகச் சொல்கிறேன், அஞ்சு விரலும் தெளிவாக, இத்தனூண்டு கை. ஒரு நொடி எனக்கு முதுகு சில்லிட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது: புறப்படும்போது பின்கதவை அழுத்தி மூடியது இந்தப் பயல்தான், அதுவும் நெய் தோசை தின்ற கையோடு. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் பவுடர் ஒட்டாமல் எங்கே போகும்? அவனிடம் சொல்லவில்லை. "அவங்க வந்திருக்காங்க" என்று குதித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து மகன் தேடிச் சொன்னான்: இந்த ஊரில் அப்படி ஒரு விபத்தே நடக்கவில்லை. நடந்தது யூட்டா மாகாணத்தில், ஆயிரம் மைலுக்கும் அப்பால். 1938 டிசம்பர் 1, பனி கொட்டிய காலை. சரக்கு ரயில் வருவது தெரியாமல் ஸ்கூல் பஸ் தண்டவாளத்தில் ஏறிவிட்டது. டிரைவரும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் போய்விட்டார்கள். அந்தச் செய்தி இந்த ஊர்ப் பத்திரிகைகளிலும் வந்திருக்கிறது. படித்தவர்கள் மனசில் கிடந்து கிடந்து, இந்த ஊர்ப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கேட்டில் நாம் பார்த்த அந்த ஒரு காலையைப் பற்றி நீயும் நானும் இதுவரை பேசியதில்லை, இப்போதும் எழுதப் போவதில்லை.

பேரன் போகும் மஞ்சள் பஸ் எங்கள் தெருமுனைத் தண்டவாளத்தில் தினமும் நிற்கும். ரயில் வந்தாலும் வராவிட்டாலும் நிற்கும். டிரைவரம்மா கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மூடிக்கொண்டு போவாள். யூட்டா விபத்துக்கு அப்புறம் வந்த பழக்கம் என்கிறார்கள். காலையில் காபியோடு வாசலில் நின்று அந்தக் கதவு திறந்து மூடுவதைப் பார்த்த பிறகுதான் நான் உள்ளே போவேன்.

இன்னொன்று, நாற்பது வருஷமாக மறைத்தது. நம் கேட்டில் நள்ளிரவில் சுருட்டு வாசனை வரும், முனி உலாத்துகிறது என்று நீ நடுங்குவாயே, அது தண்டவாளத்தைச் சோதித்து நடக்கிற கீமேன் புளியமரத்தடியில் பிடித்த சுருட்டு. எனக்கு அப்போதே தெரியும். அந்தப் பயத்தில் நீ நைட் டியூட்டியில் ஒரு நாளும் கண் அசரவில்லை, அதனால்தான் சொல்லவில்லை. திட்டுவதானால் போனில் திட்டு.

அந்த கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். புளியமரம் இருக்கிறதா? மழைக்குப் பாதையில் தண்ணீர் நிற்கிறதா? கண் சரியானதும் போய்ப் பார்த்து எழுது.

அன்புடன்,
முத்தையா