ஈயச் சைக்கிள்

தஞ்சாவூர்
புரட்டாசி 20

அன்புள்ள குமாரு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கையெல்லாம் கிரீஸ். சர்க்கரை கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய். அதை உன் வீட்டுக்காரி என் வீட்டுக்காரியிடம் போனில் விலாவாரியாகச் சொல்லிவிட்டாள், ஒளித்துத் தின்ற லட்டு உட்பட. அதனால் நேராகச் சைக்கிளுக்கு வருகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு பழைய அலுமினிய ரேஸ் சைக்கிள் விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு. முதலில் என் கதையைக் கேள்.

சித்திரையில் திருவையாற்றில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள், ஊஞ்சல் பலகை கிடைக்கும் என்று போனேன். பலகைக்கு எனக்கு முன்னாலேயே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். கொல்லையில் மாட்டுக்கொட்டகை ஓரம் பழைய இரும்புக்காரர் தராசோடு நின்றார். இரும்பு ஒரு குவியல், பித்தளை ஒரு குவியல், மூன்றாவது குவியலில் ஒரு சைக்கிள். கதவுக்கு அடிக்கிற பச்சை எனாமலை அதன் உடம்பு முழுக்க, செயினைக்கூட விடாமல், பூசி வைத்திருந்தார்கள். "இது ஏன் தனியா?" என்றேன். "ஈயம் சார், இரும்போட போட்டா எனக்கு நஷ்டம்" என்றார். நம் பக்கத்தில் அலுமினியத்துக்கு ஈயம் என்றுதானே பேர். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் குரல் கேட்டதும் உங்கள் வீட்டுப் பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி உதை வாங்கினாயே, அதே ஈயம். மேல் பாரைப் பிடித்துத் தூக்கினேன், இரண்டு விரலில் வந்தது. நாம் கேரியரில் நெல் மூட்டை கட்டிய ஹெர்குலிஸை நினைத்துக்கொள்.

1,500 ரூபாய் கொடுத்தேன். எடைக்குப் போட்டால் அவ்வளவு வராது என்று அவருக்கும் தெரியும். அந்த வீட்டுப் பையன் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்ததாம். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பேர் அழிந்த சைக்கிளை அடையாளம் காண்பது, ஜாதகம் இல்லாதவனுக்கு வயது கணிப்பது மாதிரி. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தேன். சட்டத்தில் எங்கும் ஒட்டவில்லை, முன் ஃபோர்க்கில் மட்டும் டப்பென்று ஒட்டியது. ஆக சட்டம் அலுமினியம், ஃபோர்க் இரும்பு. கீழ்க் குழாய் நல்ல பருமன், கைக்கு அடங்கவில்லை. 1970களில் வந்த இத்தாலி ஆலன், அப்புறம் வந்த பிரான்ஸ் வைட்டஸ் எல்லாம் இரும்புச் சைக்கிள் அளவிலேயே ஒல்லிக் குழாய் போட்டு, மூட்டில் செருகிப் பசை வைத்தவை. அலுமினியம் இரும்பைவிட எளிதில் வளையும், ஆனால் குழாயின் விட்டத்தை ஏற்றினால் விறைப்பு பல மடங்கு ஏறும். இதைப் பிடித்துக்கொண்டு பருமன் குழாயில் சைக்கிள் செய்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த கேரி க்ளைன். என்னுடையதிலோ மூட்டில் குழாயைச் செருகுகிற கிண்ணம் எதுவும் இல்லை, நேரே வெல்டிங். அந்தத் தழும்பும் தெரியாமல் வழவழவென்று இழைத்துவிட்டிருந்தார்கள். கேனன்டேல் என்கிற அமெரிக்கக் கம்பெனிச் சைக்கிளாக இருக்கும் என்று அப்போதே பட்சி சொன்னது.

சாட்சி கிடைத்தது பெடல் அச்சு உட்காரும் கூட்டுக்கு அடியில். எனாமலைச் சுரண்டினால் 56041587, அதன் பின்னால் இன்னும் மூன்று இலக்கம். 56 சட்டத்தின் அளவு, சென்டிமீட்டரில். மீதி தேதி என்று தெரிந்தது, ஆனால் பதினைந்தாம் மாதம் ஏது? ஒரு ராத்திரி முழுக்கக் குழம்பினேன். அமெரிக்காக்காரர்கள் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள் என்று மகள் சொன்ன பிறகு விளங்கியது: 1987 ஏப்ரல் 15. சித்திரை பிறந்த கையோடு பிறந்திருக்கிறது!

எண்ணை மட்டும் நம்பவில்லை. கியர், பிரேக் செய்கிற ஜப்பான் கம்பெனி ஷிமானோ, அதன் சாமான்களின் முதுகில் இரண்டு எழுத்து அடித்திருப்பார்கள். முதல் எழுத்து வருஷம், 'ஏ' என்றால் 1976, அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போகலாம். இரண்டாவது எழுத்து மாதம். என் பின் கியர் மாற்றியில் 'எல்', 'பி'. அதாவது 1987 பிப்ரவரி. சட்டம் செய்வதற்கு இரண்டு மாதம் முன்னால், கணக்குக் கச்சிதம். முன் கியர் மாற்றியில் மட்டும் 'என்', 1989. அதை எவனோ பின்னால் மாற்றியிருக்கிறான்.

கேனன்டேல் கம்பெனி பைகளும் சைக்கிளுக்குப் பின்னால் இழுக்கிற வண்டியும் செய்துகொண்டிருந்து, 1983-இல்தான் முதல் சைக்கிளை விட்டது. பேர் கனெக்டிகட்டில் இருக்கிற ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷனுடையது. நம் ஊரில் ஆரம்பித்திருந்தால் இந்நேரம் 'பசுபதிகோவில்' என்று எழுதிய சைக்கிளில் ஐரோப்பாவில் பந்தயம் ஓட்டியிருப்பார்கள்.

சரி, ஓவராயில் விஷயம். நம் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். நாற்பது வருஷமாக இரும்புச் சைக்கிள் பார்த்த கை. வீல் கோட்டத்தை அவர் காதாலேயே எடுப்பார், கம்பியைச் சுண்டிப் பார்த்துக்கொண்டே. ஆனால் இரும்புக்குப் பழகிய வைத்தியம் ஒவ்வொன்றும் அலுமினியத்துக்கு விஷம், குமாரு. சீட் கம்பி குழாயோடு இறுகிக் கிடந்தது. "சூடு காட்டி ரெண்டு தட்டு தட்டுவோம் சார்" என்றார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பதமேற்றிய அலுமினியம் அது, கேஸ் சுடரைக் காட்டினால் பதம் போய்விடும். எண்ணெய் ஊற்றியும் பிரயோசனமில்லை, பிடித்திருப்பது துரு இல்லையே. இரண்டு அலுமினியத்துக்கும் நடுவில் வெள்ளையாகப் பூத்து இறுகுகிற ஆக்சைடு. அதை இளக்க அம்மோனியா உதவும் என்பார்கள்.

லேப் சாமான் விற்கிற கடையில் வாங்கிவந்து, சட்டத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, பெடல் கூட்டின் வழியாக ஊற்றினேன். செய்த ஒரே தப்பு, அதைப் பின்கட்டில், சமையலறை ஜன்னலுக்கு நேராகச் செய்தது. வீட்டுக்காரி சாம்பாரை அடுப்பில் விட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள். எதிர்வீட்டார் கேஸ் சிலிண்டர் கசிகிறது என்று ஓடிவந்தார்கள். இரண்டு ராத்திரி போனது. மூன்றாம் நாள் கம்பியின் தலையைப் பட்டறை வைஸில் கடித்து, சட்டத்தை நானும் பாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாகத் திருகினோம். முதலில் ஒரு கிறீச். அப்புறம் ஒரு நூல் அளவு அசைவு. பாய் "யா அல்லா" என்றார், நான் "முருகா" என்றேன், வந்துவிட்டது.

பெயிண்டை எடுக்கக் கடைப் பையன் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாம் என்றான். சட்டத்தையே தின்றுவிட்டிருக்கும். ஈயச் சட்டியைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்தால் கறுத்துப் போகும் என்று நம் அம்மாக்களுக்குத் தெரிந்த சங்கதிதான் இது. பெயிண்ட் ரிமூவர் தடவி மரச் சீவலால் வழித்தேன், நாலு நாள் வேலை. பெடல் அச்சின் வலப்பக்கக் கிண்ணம் எதிர்மரை, அது பாய்க்கே தெரியும். பின் ஹப்புக்குக் கால் இஞ்சு பால்ரஸ், பக்கத்துக்கு ஒன்பது, அவர் டப்பாவிலேயே இருந்தது.

சண்டை வந்தது பின் சக்கரத்தில்தான். புது ஹப் 130 மில்லிமீட்டர் அகலம், என் சட்டம் ஆறு கியர் காலத்து 126. "நெம்பி விரிச்சிடலாம், நாலு மில்லிதானே" என்றார். இரும்பு என்றால் நானும் சரி என்றிருப்பேன். அலுமினியத்தை அப்படி வளைக்கக் கூடாது. பழைய ஹப்பையே சுத்தம் பண்ணிப் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

டயர் வாங்கப் போனால் எல்லாக் கடையிலும் 28 இஞ்சை எடுத்து நீட்டுகிறார்கள். நம் ஊர் 28-ன் ரிம் அளவு 635 மில்லிமீட்டர், இதற்கு வேண்டியது 622. திருச்சியில் கிடைத்தது.

ஓட்டுவது எப்படி என்று கேட்பாய். சொகுசு இல்லை. பாலத்து இணைப்பில் ஏறினால் பல்லில் தெரிகிறது. ஆனால் மிதித்த மிதி வீணாவதில்லை, அழுத்தினால் அந்த நொடியே பாய்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். நம் டெல்டாவில் மேடு என்று இருப்பது அவ்வளவுதான், அதுவே எனக்கு மலை. மற்றபடி முன்னால் 42 பல், பின்னால் 17 பல், பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். கியரைத் தொடாமலே போகலாம். ஆடியில் கல்லணைப் பக்கம் போனபோது எதிர்க்காற்று என்னை நிறுத்தியே வைத்துவிட்டது, திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. இப்போது குறுவை அறுப்பு. தார் ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது. 25 மில்லிமீட்டர் டயரோடு அதன்மேல் ஏறினால் நேரே வாய்க்கால்தான், அனுபவித்துச் சொல்கிறேன்.

இனி உன் சைக்கிள். நீ எழுதிய அடையாளத்தை வைத்துப் பார்த்தால் ஒல்லிக் குழாய், மூட்டில் பசை. வைட்டஸ் 979 என்று விற்பவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். 1980களில் அயர்லாந்துப் பந்தய வீரர் ஷான் கெல்லி ஜெயித்ததில் பலவும் அந்த ரகத்தில்தான். அதற்காக விழுந்துவிடாதே. மூட்டுகளில் வெள்ளைப் பொடி தட்டியிருக்கிறதா பார். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டு, பெடலில் நின்று அழுத்து. எந்த மூட்டாவது முனகினால் எழுந்து வந்துவிடு. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, ஹேண்டில்பார் இறங்குகிற குழாயைச் சுற்றி மயிரிழைக் கோடு ஏதும் ஓடுகிறதா என்று தேடு. இரும்பு வளைந்து காட்டிக்கொடுக்கும், இது சொல்லாமல் முறியும். வாங்கினால், பவுடர் கோட்டிங் செய்து பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் கொடுக்காதே, அந்த அடுப்புச் சூட்டில் பசை போய்விடும். உன் எடைக்கு அந்தச் சட்டம் கொஞ்சம் ஆடும் என்பதையும் நண்பன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

நாம் மணிக்கு எட்டணா கொடுத்து வாடகைச் சைக்கிள் எடுத்த கடை இப்போது செல்போன் கடை. வாசலில் அந்தக் காற்றடிக்கிற பம்ப் மட்டும் இன்னும் நிற்கிறது, ஏன் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? பழைய சீட் கம்பி அரித்துப் பொரிந்து கிடக்கிறது, கிரீஸ் தடவி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒன்று வாங்கி வா. 27.2 மில்லிமீட்டர். 27 போதும் என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதே, அளந்து பார்த்து வாங்கு.

உன்,
குரங்குப் பெடல் கூட்டாளி