ஜன்னல் சீட்காரர்களுக்கும் சர்வேயர் சாருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் எக்ஸ்-பிளேன் சிமுலேட்டருக்காக நான் வரைந்துகொண்டிருந்த திருவனந்தபுரம் விமான நிலையம் ஒருவழியாக முடிந்து, பதிவேற்றியும் ஆகிவிட்டது. குமரி மாவட்டத்துக்காரனுக்குக் கேரளத்து ஏர்போர்ட்டில் என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நம்ம ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். மாவட்டத்துக்குள் ஏர்போர்ட் இல்லாத நமக்கு, களியக்காவிளை தாண்டிப் போனால் வருவதுதான் சொந்த ஏர்போர்ட். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத வீடு மார்த்தாண்டம் பக்கம் எத்தனை இருக்கும்?

முதல் நன்றி தக்கலை சர்வேயர் சாருக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சிமுலேட்டரைத் தொட்டதே இல்லை. செயற்கைக்கோள் படத்தின் மேல் நான் கோடு இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கல்லு எங்க கிடக்குன்னு மொதல்ல பாரு மக்கா, படத்தை அப்புறம் பாக்கலாம்" என்றார். எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் புத்தக வரைபடத்தோடு எல்லைக்கல்லைத் தேடி வயல் வயலாக நடந்தவருக்கு அப்படித்தானே தோன்றும். செயற்கைக்கோள் படம் உண்மையான இடத்திலிருந்து சில மீட்டர் தள்ளி விழுவது சாதாரணம். ஆனால் இந்திய விமான நிலைய ஆணையம் விமானிகளுக்காக வெளியிடும் ஏ.ஐ.பி. என்ற தகவல் ஆவணத்தில் ஓடுபாதையின் இரண்டு முனைகளுக்கும் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ்.-84 முறையில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கிறது. அந்த இரண்டு புள்ளிகளையும் சர்வே கல்லாக வைத்து ஓடுபாதையைப் போட்டோம். அப்புறம் படத்தை அதற்குப் பொருந்தும்படி நகர்த்தினோம்.

இன்னொன்றும் சொன்னார்: கட்டடத்தின் கூரையை வரையாதே, அடியை வரை. படம் சற்றுச் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் உயரமான கட்டடத்தின் தலை ஓர் இடத்திலும் கால் ஓர் இடத்திலும் கிடக்கும். கூரையைச் சுற்றிக் கோடு போட்டால் கட்டடமே இடம் மாறிவிடும். எந்தப் பயிற்சி வீடியோவிலும் இவ்வளவு சுருக்கமாக இதை நான் கேட்டதில்லை.

அடுத்தது, இறங்கும்போது ஜன்னல் வழியாக வீடியோ எடுத்து அனுப்பிய ஜன்னல் சீட்காரர்கள். துபாய், மஸ்கட், தோஹாவிலிருந்து வந்த அண்ணன்மார், அக்காமார், நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அவர்களின் நண்பர்கள். ஓடுபாதையில் 32 என்ற எண் கொண்ட முனையில் இறங்கும் விமானம் ஏறக்குறைய வடமேற்கு பார்த்து வரும். இடது ஜன்னலில் கடல், வலது ஜன்னலில் ஊர். ஆகவே இடது பக்கம் உட்கார்ந்தவர்களின் வீடியோவில் சங்குமுகம் பக்கத்து உள்நாட்டு முனையம் கிடைத்தது, வலது பக்கத்தவர்களின் வீடியோவில் சாக்கைப் பக்கத்துப் பன்னாட்டு முனையம் கிடைத்தது.

அந்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது தனி சுகம். ஓடுபாதைக்கும் முனையத்துக்கும் இடையே விமானம் ஊர்ந்து போகும் பாதையான டாக்ஸிவேயின் ஓரத்தில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் விமானம் இப்போது நிற்கும் பாதையின் பெயர். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தென்றால் அடுத்துத் திரும்பும் பாதை. ஓடுபாதைக்குள் நுழையும் முன் தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும்: விமானம் காத்து நிற்கும் பக்கம் இரண்டு முழுக்கோடுகள், ஓடுபாதைப் பக்கம் இரண்டு விட்டுவிட்டு வரும் கோடுகள். மேலிருந்து எடுத்த படத்தில் இதெல்லாம் வெறும் மஞ்சள் கறையாகத்தான் தெரியும். பையனை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் போனைப் பிடித்து எடுத்த அக்காவின் வீடியோவில் நான்கும் பளிச்சென்று தெரிந்தன!

மார்த்தாண்டம் டாக்ஸி அண்ணாச்சிக்கு என்ன சொல்வது? இரண்டு முனையங்களும் ஓடுபாதைக்கு எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றில் போய் இறங்கியவர்களைச் சுற்றிக் கொண்டுபோய் விட்ட கதை அவரிடம் நிறைய உண்டு. வாசல், பார்க்கிங், சுற்றுச்சுவர் ஓரச் சாலை எல்லாவற்றையும் பெட்ரோல் பில்லின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்தார். அளவு தப்பு, வரிசை அத்தனையும் சரி. அவர் அம்மா கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை: "ஆறாட்டு வருமா அதுல?" ஆறாட்டு என்றால் சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோவது; பைங்குனி, அல்பசி திருவிழாக்களில் பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், அந்த நேரம் விமானமே ஓடாது. சிமுலேட்டரில் அதற்கு வழியில்லை பாட்டி, மன்னிக்கணும்.

பயனர்கள் வரைந்த விமான நிலையங்களைச் சேர்த்து வைக்கும் எக்ஸ்-பிளேனின் கேட்வே தளத்தில் சேர்க்க வேண்டுமென்றால் மென்பொருளோடு வரும் பொருள்களை மட்டும்தான் பயன்படுத்தலாம். இருக்கிற சுவர், கண்ணாடி, கூரையை வைத்தே முனையங்களை ஓரளவு அடையாளம் தெரியும்படி கட்டிக் கொடுத்த நாகர்கோவில் கட்டடக்கலை மாணவிக்கு நன்றி. கணினி ஓட்டும் விமானங்களை விட்டு டாக்ஸிவேக்களைச் சோதித்த குலசேகரம் தம்பிகளுக்கும், நேரம் கெட்ட நேரத்தில் கட்டன்சாயா போட்டுத் தந்த வீட்டாருக்கும் நன்றி.

அடுத்து தூத்துக்குடி. அங்கே ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. பழைய தரவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சென்னையிலிருந்து, தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கும் வாகைக்குளம் வழியாக ஊருக்கு வருகிறவர்கள் இரண்டு பக்க ஜன்னலிலும் ஆளுக்கொரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். இறங்கிய பிறகு விமானம் திரும்பி நிற்கும் வரை நிறுத்தாமல் எடுத்தால் ரொம்ப உபகாரம்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து உங்கள் வரைபடக்காரன்