எத்தனை கப் பழம்?

ஆசிரியருக்கு வணக்கம். சமையல் பகுதியில் '300 கிராம் ஸ்ட்ராபெர்ரி' என்று போட்டிருந்தீர்கள், சரி, தராசு இல்லாதவர்களுக்கு அது எத்தனை கப்? பழத்துக்கு ஒரே கணக்கு செல்லாது, ஏனென்றால் எப்படி வெட்டுகிறோமோ அதற்குத் தக்கபடி கப்புக்குள் காற்று புகுந்துகொள்கிறது. 240 மில்லி கப்பில் முழுப் பழமாகப் போட்டால் சுமார் 145 கிராம், நறுக்கிப் போட்டால் 165, அரைத்து ஊற்றினால் 230. பழமும் அதேதான், கப்பும் அதேதான்!

வாழைப்பழம் இன்னும் மோசம். வில்லையாக ஒரு கப் 150 கிராம், மசித்தால் 225. கேக்குக்கு மசித்தது இரண்டு கப் என்றிருந்ததை நான் வில்லையாகவே அளந்து, அப்புறம் மசித்துச் சேர்த்துவிட்டேன், 150 கிராம் குறைந்து கேக் வறண்டு உதிர்ந்தது (வீட்டில் யாரும் வாயே திறக்கவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை).

தோலோடு எடையா, உரித்த பிறகா என்பதும் தெரியவேண்டும், வாழைப்பழத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலுக்கே போய்விடும். கிராமுக்குப் பக்கத்தில் 'நறுக்கியது', 'மசித்தது', 'உரித்தபின்' என்று ஒரு வார்த்தை சேர்த்து, கப் அளவையும் போடுங்களேன்.

ஒரு வாசகர்