சரோஜாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சரோஜாவுக்கு,

பேத்திக்குக் காது குத்தியதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, தும்மினால் சேலை நனைகிறது, அதனால்தான் திருப்பூர்க் கல்யாணத்துக்கு பஸ் ஏறவில்லை என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். காது குத்து இருக்கட்டும், அந்த வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

மூன்று பிள்ளை பெற்றால் அப்படித்தான் இருக்கும் என்று உன் நாத்தனார் சொன்னதை நம்பாதே. பரவலாக வரும் தொல்லைதான், ஆனால் சகித்துக்கொண்டே கிடக்க வேண்டியதில்லை. எனக்கும் இருந்தது, இப்போது பெரும்பாலும் இல்லை. இடுப்பின் முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி மாதிரி கட்டிய தசைகள் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. பிரசவம், மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் குறைவது, உடல் பருமன், தீராத இருமல் எல்லாம் அவற்றைத் தளர்த்தும். உன் விஷயத்தில் மலச்சிக்கலும் ஒரு காரணமாக இருக்கலாம். முக்கி முக்கியே பாதிக் காலை போய்விடும் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்!

செல்போனில் பார்த்துக் கெகல் பயிற்சி செய்வதாக எழுதியிருக்கிறாய். அந்தத் தசைகளை இறுக்கி விடும் அது, 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதி வைத்த நல்ல பயிற்சிதான். ஆனால் எல்லோருக்கும் தசை தளர்ந்திருப்பதில்லை. என் மருமகளுக்குப் பிரசவத்துக்குப் பின் அடிவயிற்றில் வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்கவே சிரமம். அவளும் யாரோ சொன்னார்கள் என்று இறுக்கி இறுக்கிப் பயிற்சி செய்தாள், வலி கூடியது. பிசியோதெரபிஸ்ட் அம்மா கையுறை போட்டுப் பரிசோதித்துவிட்டு, தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறது, கெகலை நிறுத்து என்றார். வயிறு விரிய மெதுவாக மூச்சு விடுவதும் தசையைத் தளர்த்துவதும்தான் அவளுக்கு வைத்தியமாயிற்று. பரிசோதனை என்றதும் நீ முகம் சுளிப்பாய், தெரியும். வேண்டாம் என்றால் எந்தக் கட்டத்திலும் நிறுத்தச் சொல்லலாம். பரிசோதிக்காமலே பயிற்சி எழுதித் தருபவரிடம் மட்டும் போகாதே.

தளர்ச்சிதான் என்று தெரிந்தால் அவர்கள் சொல்லித் தருவது இதுதான்: வாயுவை அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுத்துச் சில நொடி பிடி, பிறகு முழுதாக விடு. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சையும் அடக்காதே. வேளைக்கு 8 முறையாவது, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் ஒரு இழு இழுத்துப் பிடித்துக்கொள், எனக்கு முதலில் கைகொடுத்தது அதுதான். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுகிறாயாமே, அதை விட்டுவிடு. தண்ணீர் குடிப்பதைக் குறைத்ததும் தவறு. சிறுநீர் அடர்த்தியானால் பை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் கூடும். காப்பியை வேண்டுமானால் குறை. வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் ஒரு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொண்டால் அவ்வளவாக முக்க வேண்டியிருக்காது.

கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எத்தனையாவது நிலை என்று கேட்டாயா? தொடக்க நிலை என்றால் பயிற்சியிலேயே பாரமும் இழுப்பும் குறைய வாய்ப்பு உண்டு. உள்ளே வைத்துத் தாங்க பெஸ்ஸரி என்ற சிலிகான் வளையமும் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தாலும் தசைத் தளர்ச்சி அப்படியேதான் இருக்கும், பிறகு யோனியின் மேல்பகுதியே இறங்குவதும் உண்டு. ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தேதி குறி. சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே ஓடு.

இங்கே எல்லோரும் நலம். அவர் பணி ஓய்வுக்குப் பின் சமையலறைக்குள் புகுந்து எனக்கு ரசம் வைக்கக் கற்றுத் தருகிறார். டாக்டர் என்ன நிலை என்று சொன்னார் என்பதை அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
வசந்தா