நுங்கம்பாக்கத்து 38 டிகிரி வியாசர்பாடிக்குப் போதாது

சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் பகுதிக் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, “ராத்திரி வீட்டுக்குள்ள இருக்க முடியலை சார்” என்றார். “நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்துல 38 டிகிரிதானேம்மா பதிவாகியிருக்கு” என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

நுங்கம்பாக்கத்தில் 38 இருந்திருக்கும், சந்தேகமில்லை. அந்த அம்மா இருப்பது வியாசர்பாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில். இரண்டு பக்கமும் மூன்று மாடி. பகலெல்லாம் சுவர் குடித்த சூட்டை ராத்திரி கக்குகிறது. மேலே வானம் ஒரு கீற்றுதான் என்பதால் அது சீக்கிரம் வெளியேறவும் வழியில்லை. ஒன்பது மணிக்குக் கூட சின்டெக்ஸ் தண்ணீர் சுடுகிறது. ஃபேன் போட்டால் அனல். பிள்ளைகள் முதுகு முழுக்க வேர்க்குரு. ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார்கள். பெண்கள் எங்கே போவது? கதவைத் திறந்து வைத்துத் தூங்கப் பயம், மூடினால் புழுக்கம். பகலில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வானிலைத் துறை அந்த இரவை ‘வெப்ப இரவு’க் கணக்கில் சேர்க்கும். 38 டிகிரி நாளின் இரவுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஊர் முழுக்க ஒரே வெயில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டட உயரம், நெருக்கம், மரம், மண் இவற்றை வைத்து நிலத்தை 17 வகை வெப்ப மண்டலங்களாகப் பிரிக்கும் முறையை ஸ்டூவர்ட், ஓக் என்ற இரு காலநிலை ஆய்வாளர்கள் 2012இலேயே கொடுத்துவிட்டார்கள். தகரக் கூரைக் குடியிருப்புக்கென்று அதில் தனி வகையே உண்டு. அப்படிப் பிரித்து வரைபடம் போடச் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம், மலையிலிருந்து குளிர்காற்று இறங்கும் வழிகளை வரைபடத்தில் குறித்து, அங்கே கட்டடம் எழும்பாமல் பார்த்துக்கொள்கிறது. நமக்கு மலை இல்லை, கடல் இருக்கிறது. மதியம் வரும் கடற்காற்றை எந்தக் கட்டட வரிசை மறிக்கிறது என்று எந்த பிளான் அப்ரூவலிலாவது கேட்கிறோமா?

நாங்கள் கேட்பது இதுதான்: வெப்ப மண்டல வரைபடத்தைத் தெரு வாரியாக வெளியிடுங்கள்; கட்டட அனுமதியை அதோடு கட்டிப்போடுங்கள். 2023இல் வந்த சென்னைக் காலநிலைச் செயல்திட்டத்தைப் போல இணையத்தில் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. மனைக்கு அனுமதி தரும் மேசையில் அந்த வரைபடம் விரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் சிக்னலில் பச்சை வலை கட்டினீர்கள், நன்றி. பச்சை விளக்கு விழுகிற வரைக்கும் நிழல். தண்ணீர்ப் பந்தல்களும் திறந்தார்கள். பானை காய்ந்த பிறகும் பேனரில் தலைவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல காரியம். அதன்படி வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். சாகாமல் ராத்திரி பூராவும் வேகிறவர்களுக்கு என்ன திட்டம்? மழைநீர்க் கால்வாய் தோண்டும்போது வேர் அறுபட்டுச் சாய்ந்த மரங்களைப் பற்றி ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும்தான். அடுத்தது 2046 வரை நகரத்தைக் கட்டிப்போடும். அதன் வரைவில் வெப்ப மண்டல வரைபடத்தைத் தனி அத்தியாயமாகச் சேருங்கள். தமிழில், வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், ஆட்சேபணை சொல்லும் கெடு முடிவதற்கு முன்பாக. எங்கள் சந்து எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் ஆட்சேபணையை எழுதித் தருகிறோம். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவர்