பிப்ரவரி 11-ன் ஐந்து படங்கள்

எல்லீஸ் நகர்,
மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால் வலி அப்படியேதான். மாடியில் வைத்த முருங்கைக் கொம்பு துளிர்த்துவிட்டது.

நீ அனுப்பிய ஆபீஸ் டூர் படங்களை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 146. அகமதாபாத், கொல்கத்தா, மறுபடி கொல்கத்தா, சிங்கப்பூர், கடைசியில் புனே. அம்மா நாலைந்து படம் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பாய். முப்பது வருஷம் கூட்டுறவுச் சங்கங்களில் வவுச்சர் புரட்டினவளுக்கு அப்படிப் பார்க்க வராது. படத்தை மேலே தள்ளினால் தேதியும் நேரமும் தெரியும் என்று தீபாவளிக்கு வந்தபோது நீதான் சொல்லிக்கொடுத்தாய்.

118-லிருந்து 122 வரை ஐந்து படம். பிப்ரவரி 11. முதல் படம் தெற்கு மாசி வீதி. நேரம் 9:41 என்று காட்டுகிறது. ஆனால் பூட்டின கடையோரம் நிற்கிற சைக்கிளின் நிழல் இரண்டு கடைவாசல் தாண்டிக் கிடக்கிறது. மாசி மாதம் நெருங்கும்போது ஒன்பதே முக்காலுக்கு மதுரையில் அப்படி நிழல் விழாது. பொருளின் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். முந்தின படங்களுக்குப் போய்ப் பார்த்தேன். சிங்கப்பூர். அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். திரும்பி வந்தும் கேமராவில் மாற்ற மறந்திருக்கிறாய். ஆக, நீ அங்கே நின்றது காலை 7:11-க்கு. கடைசிப் படம் யானைக்கல் பழ மார்க்கெட், நிஜக் கணக்கில் 7:50. வாழைத்தார் இறக்குகிற கூட்டம் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும், அங்கே யாராவது கேமராவை உள்ளே வைப்பார்களா? பேட்டரி தீர்ந்திருக்கிறது. அடுத்த படம் மறுநாள் புனேயில்.

அங்கிருந்து நம் வீட்டுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகாது. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் படத்தைப் பற்றி.

146-ல் மனிதர்கள் இருக்கிற படம் 90. அதில் 61 முதுகு. எண்ணித்தான் சொல்கிறேன். கொல்கத்தாவில் கைரிக்‌ஷாக்காரர் முதுகு, சிங்கப்பூரில் குடை பிடித்த முதுகு, இங்கே நம்ம ஊர் பூக்காரம்மா முதுகு. நீ வைத்திருக்கிற ரிக்கோ ஜிஆர் த்ரீ, பேட்டரி கார்டெல்லாம் சேர்த்து 257 கிராம். கால் கிலோ கத்திரிக்காய் வாங்கினால் கடைக்காரர் அதைவிடத் தாராளமாக நிறுப்பார். பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே மீட்டிங்குக்குப் போகலாம் என்று வாங்கினது. அதில் ஜூம் கிடையாது. 28 மில்லிமீட்டர் லென்ஸ் விரிந்த பார்வை பார்க்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்தால் ஆள் எறும்புதான். கிட்டே போகிறவனுக்குச் செய்த கேமராவை வாங்கிவிட்டு எட்ட நின்றால் எப்படி?

அதில் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒன்று இருக்கிறதென்று நீயே காட்டினாய். தூரத்தை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது. 2 மீட்டர் வைத்து, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 போட்டால், மூன்றரை அடியிலிருந்து அறுபது எழுபது அடிவரை எல்லாம் தெளிவாக விழும். தேடித் தேடி ஃபோகஸ் பிடிக்கிற அந்த அரை நொடிதான் எதிராளியைச் சுதாரிக்க வைக்கிறது. என் யாஷிகா எம்.எஃப்-2-ல் இந்த வம்பே இல்லை, ஃபோகஸ் திருப்புவதற்கென்று அதில் ஒன்றும் கிடையாது. ஒரு ஃபிலிம் ரோலுக்கு 36 படம். கழுவிப் பிரிண்ட் போடக் காசு வேண்டும், சம்பளத்தில் உனக்குப் பள்ளிக்கூட பீஸ் வேறு. அதனால் நான் அமுக்குவதற்கு முன்னால் பேசிவிடுவேன்.

சங்கத்துக்கு ஆடிட்டுக்குப் போகிற ஊரில் ஒரு பொம்பளை கைப்பையிலிருந்து கேமராவை எடுத்தால் கிழவிகள் கேட்பது ஒன்றுதான்: "ஏத்தா, முதியோர் பணம் வருமா?" இல்லை ஆத்தா, சும்மா என்றால் சிரிப்பார்கள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாஸ்போர்ட் போட்டோவுக்கு மாதிரி விறைப்பாக நிற்பார்கள். அந்த விறைப்பையும் ஒரு படம் எடுத்துவிட வேண்டும், அது அவர்களுக்கு. எடுத்துவிட்டுக் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்தால், பத்து நிமிஷத்தில் நம்மை மறந்துவிட்டுப் புளி தட்ட ஆரம்பிப்பார்கள். அப்போது எடுப்பது நமக்கு. மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்துக்குள் தையல்காரர்கள் இருந்த காலத்தில் எடுத்ததும் அப்படித்தான்: நாயக்கர் காலத்துச் சிலையின் காலடியில் தையல் மெஷின், சிலையின் கையில் தொங்குகிற அளவு நாடா. இருட்டில் கொஞ்சம் ஆடிப்போன படம். இப்போது அந்தக் கடைகளே அங்கே இல்லை.

எடுத்த படத்தைக் கொடுத்தும் விடுவேன். உசிலம்பட்டியில் ஒரு டீ மாஸ்டருக்குக் கொடுத்தேன், பாய்லர் பக்கத்தில் நின்று ஆற்றுகிற படம். பல வருஷம் கழித்து அதே ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், காதணி விழாவுக்குப் பத்தடி ஃப்ளெக்ஸில் அவர்! பாய்லரை எடுத்துவிட்டு ஒரு புலியை நிறுத்தியிருந்தார்கள். கிளாஸ் இருந்த கையில் செல்போன். தாய்மாமன் என்று போட்டு, சட்டையை வெள்ளையாக்கி, எல்லாம் செய்தவர்கள் ஓரத்தில் விழுந்த என் நிழலை வெட்ட மறந்துவிட்டார்கள். என் படம் பெரிய அளவில் வெளியானது அது ஒன்றுதான். மொய் 101 எழுதிவிட்டு வந்தேன்.

உன் படங்களில் எனக்குப் பிடித்தது அகமதாபாத்தில் எடுத்தது. பழைய குடியிருப்புச் சந்தில், புறாவுக்கென்று தூண் மேல் கட்டிவைத்த கூண்டு, கீழே தானியப் பையோடு ஒரு பெரியவர். அவர் புறாவைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்க்கிறார். 'என்னப்பா வேணும்' என்று கேட்கிற முகம். நீ பதில் சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இரண்டாவது கொல்கத்தாவிலிருந்து, வானம் வருகிற படத்திலெல்லாம் இடது மேல் மூலையில் ஒரே இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி. காக்கா என்று நினைத்தேன்; நாலு ஊரில் ஒரே காக்கா பறக்காது. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிற கேமரா, தூசி உறிஞ்சியிருக்கிறது. எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பார், பளிச்சென்று தெரியும். லென்ஸைக் கழற்ற முடியாது, சர்வீஸில் கொடுத்துத்தான் துடைக்க வேண்டும். வெறும் பாக்கெட்டில் போடாதே. என் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு சின்னப் பை தைத்திருக்கிறேன்.

அந்தப் பூக்காரம்மா படத்தை ஸ்டூடியோவில் 4×6 பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அம்மன் சன்னதிப் பக்கம் போனேன். 2018 தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் செல்போனையே விடுவதில்லை, உன் கேமராவுக்கு வெளித் தெருதான் என்பது தெரியும். அதனால் அந்தம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "முதுகுல்ல வந்திருக்கு," என்றது. பிறகு, "அந்தப் பையனா? எதிர்ப்பக்கம் ரொம்ப நேரமா நின்னான்மா. பூ வாங்கத்தான் நிக்கிறான்னு ரெண்டு முழம் அளந்து வச்சேன். வரவே இல்ல," என்றது. அந்த இரண்டு முழத்துக்குக் காசு கொடுத்து நான் வாங்கி வந்தேன்.

இனி வீட்டுக்கு வராத விஷயம். அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் எப்படி நடந்திருக்கும் என்று தெரிகிறது. காலையில் இரண்டு மணி நேரம், பத்து மணிக்கு ஆபீஸ் வேலை, சாயங்காலம் ஃப்ளைட். வீட்டுக்கு வந்தால் குளி, இட்லி சாப்பிடு, சித்தி வீட்டுக்கு ஒரு எட்டு போய்விட்டு வா என்பேன். அந்த நிழல் கிடைத்திருக்காது.

உனக்கு நினைவிருக்குமா தெரியவில்லை. நீ இரண்டாம் வகுப்பு. அப்பா ஊரில் இல்லை. ராத்திரி எட்டு மணிவரை எதிர்வீட்டுத் திண்ணையில் பையோடு உட்கார்ந்திருந்தாய். சோழவந்தான் சங்கத்தில் கணக்கு இழுத்துவிட்டது என்று உன்னிடமும் அந்த வீட்டு அக்காவிடமும் சொன்னேன். கணக்கு நாலு மணிக்கே முடிந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு வருகிற வழியில் கொடிக்காலுக்குள் வெயில் சாய்ந்து விழுந்தது, வெற்றிலை ஒவ்வொன்றும் பின்னாலிருந்து விளக்குப் போட்ட மாதிரி. கிள்ளுகிற பெண்கள் நடுவே நின்றுவிட்டேன். ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. ஆல்பத்தில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறதே, நீ விரல் வைத்து வைத்துக் கறையாக்கின படம், அது அன்றைக்கு எடுத்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தீபாவளிக்கு நீ விட்டுப்போன ஸ்பேர் பேட்டரி டிவி மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு பேட்டரிக்கு இருநூறு படம்தான் வருமென்று சொன்னாயே, அன்றைக்கு அது கையில் இருந்திருந்தால் யானைக்கல்லில் இன்னும் எடுத்திருப்பாய். பையோடு சேர்த்து அனுப்பலாமென்று கூரியர் கடைக்கு எடுத்துப் போனேன். லித்தியம் பேட்டரியைத் தனியாக எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

அன்புடன்,
அம்மா